மிலிட்டரிக்காரர் சம்சாரம்

உட்கார மாட்டேன் என்கிறார் இந்த மனுஷன். அடுப்படியிலிருந்து பார்த்தால் திரைச்சீலை ஓரமாகக் கூடத்தில் பாதி தெரிகிறது, அந்தப் பாதியில் இவருடைய முதுகுதான் தெரிகிறது. பெண்ணைப் பெற்ற தகப்பன், சொந்த வீடு, சொந்த நாற்காலி, உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? சுபேதார் குழந்தைவேலு வந்ததும் மின்விசிறிக்கு நேராக நல்ல நாற்காலியாகப் பார்த்துச் சாய்ந்துவிட்டார், மாப்பிள்ளையின் அப்பா அப்படித்தான் சாய வேண்டும், அதில் தப்பில்லை. அவர் சம்சாரம் செல்லம்மாள் என் மகள் யமுனாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். இவர் மட்டும் ஓட்டல் சப்ளையர் மாதிரி நிற்கிறார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையோடு ஒட்ட வைத்திருக்கிறார். பஜ்ஜிக்கு மாவு கரைத்தது கொஞ்சம் நீர்த்துவிட்டது, இன்னும் ஒரு கை கடலைமாவு போட வேண்டும், எண்ணெய் காயவில்லை, வாழைக்காய் சீவியது கறுத்துவிடும் போலிருக்கிறது, இத்தனைக்கும் நடுவில் என் காது முழுக்கக் கூடத்தில்தான் இருக்கிறது. "உக்காருங்க சம்பந்தி" என்கிறார் சுபேதார். "இருக்கட்டும் சாப்" என்கிறார் இவர். சாப்! மிலிட்டரியில் மேலதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி. எந்த ஊரில் பெண்ணின் தகப்பன் சம்பந்தியை சாப் என்று கூப்பிடுகிறான்? நடிக்கிறார். முப்பது வருஷமாக நடித்தது போதாதென்று உண்மையான மிலிட்டரிக்காரர் முன்னாலேயே நடிக்கிறார். அந்த மனுஷர் இருபத்தெட்டு வருஷம் துப்பாக்கி தூக்கியவர், இரண்டு கேள்வி கேட்டால் சாயம் வெளுத்துவிடும், இன்றைக்கு நாள் குறிக்கத்தான் வந்திருக்கிறார்கள், நாள் குறிக்காமலே எழுந்து போய்விடுவார்கள்.

நான் என்னவென்று கண்டேன். இவர் மிலிட்டரியில் இருந்தாரா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டவளுக்கே தெரியாதா என்றால், தெரியாது. தரகர் வந்து எங்கள் அப்பாவிடம் சொன்னது அதுதான். பையனுக்குக் குடியாத்தம் பக்கம், நம்ம ஆளுங்கதான், கொஞ்ச நாள் மிலிட்டரியில் இருந்துவிட்டு இப்போது கரூரில் பெட்ஷீட் கம்பெனியில் இருக்கிறான், ஒழுக்கமான பையன். அப்பாவுக்கு மிலிட்டரி என்ற வார்த்தையே போதுமாக இருந்தது. அண்ணன்தான் கல்யாணத்துக்கு மறுநாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம் புள்ள, மிலிட்டரிக்காரன்னா ஒரு டிரங்குப் பொட்டி இருக்குமே, பேரும் நம்பரும் வெள்ள பெயின்ட்ல எழுதி? உம் புருசன் மஞ்சப்பையோட வந்திருக்கான்" என்றான். அன்றைக்குப் புகுந்த முள். பெட்டி இல்லாத மிலிட்டரிக்காரன் உண்டா? ரிட்டையர் ஆகி வருகிறவர்கள் எதை விட்டாலும் அந்தப் பெட்டியை விடமாட்டார்கள், நெல் கொட்டி வைக்கவாவது வைத்திருப்பார்கள். கேட்டேன். மஞ்சள் கயிறு ஈரம்கூடக் காயவில்லை, கேட்டேன். "இருந்தேன் கொஞ்ச நாள். அத்த வுட்டுடு" என்றார். விட்டுவிடு என்றால் விடுகிற ஆளா நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் அதற்குமேல் நாக்கு எழாது. பிறகு தெருவில் எல்லோரும் மிலிட்டரிக்காரர் என்றார்கள், நான் மிலிட்டரிக்காரர் சம்சாரம் ஆனேன், இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு புஷ்பத்தின் கொழுந்தன் நிஜ மிலிட்டரி. அவன் கேன்டீனிலிருந்து குக்கர் வந்தது, மிக்சி வந்தது, கார்த்திகைக்குக் கார்த்திகை பாட்டிலும் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு சோப்புக்கட்டி வந்ததில்லை. "உங்கூட்டுக்காரர் எந்த மிலிட்டரிங்கக்கா, மிலிட்டரி ஓட்டலா?" என்று குழாயடியில் கேட்டாளே, எல்லோரும் சிரித்தார்களே, நானும் சேர்ந்து சிரித்தேனே, வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன், இது பொய், கல்யாணத்துக்காகத் தரகர் அளந்தது, இவர் வாயை மூடிக்கொண்டு லாபம் பார்த்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், எனக்குப் பண்ணியது ஒரே பொய்யில், அந்த மட்டும் சிக்கனம்.

எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் ஈடு போட்டதும் சடசடவென்று சத்தம், கூடத்துப் பேச்சு அமுங்கிப் போயிற்று. அடுப்பைக் குறைத்தேன். பஜ்ஜி எண்ணெய் குடிக்கும், குடிக்கட்டும். "எந்த ட்ரெயினிங் சென்டர் சம்பந்தி நீங்க?" என்று சுபேதார் கேட்கிறார். கேட்டுவிட்டார். கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மகமாயி, இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒரு ஊர் பேர் வாயில் வரட்டும், எந்த ஊராவது. "வெலிங்டன் சாப்." "அட! நம்ம சென்டரா! எந்த வருசம்?" இவர் ஒரு வருஷத்தைச் சொன்னார். "அப்ப நான் சர்வீஸ்ல சேந்து ஆறு வருசம். சரி சரி, காலையில அந்த மேட்டுல ஓட விடுவானே டிரில் உஸ்தாத், ஞாபகம் இருக்கா?" "இருக்குது சாப். ஓடலன்னா முதுவுல மூட்டையைக் கட்டி மறுபடி ஓட வுடுவாரு. என்னோட உஸ்தாத் மலையாளத்து ஆளு, ஒரு காது மந்தம் அவருக்கு. நாம வாய்க்குள்ள திட்டினா மட்டும் கரீட்டா கேட்டுடும்." சுபேதார் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். "அதேதான், அதேதான்! காது மந்தம் மாத்தாயி! என்னையும் படுத்தி வெச்சான்யா அந்த ஆளு! செல்லம், கேட்டியா, ஒரே உஸ்தாத்கிட்ட உதை வாங்கினவங்க நாங்க!" மாத்தாயி. அந்தப் பெயரை இவர் சொல்லவில்லை, காதை மட்டும்தான் சொன்னார், பெயரைச் சுபேதார்தான் சொன்னார். யாரிடமாவது கேட்ட கதை என்றால் காது மந்தம் எப்படித் தெரியும், அதுவும் வாய்க்குள் திட்டினால் கேட்கிற காது? ஒரு பஜ்ஜி கருகிவிட்டது. எடுத்துத் தனியாகப் போட்டேன். நிஜம். முப்பது வருஷம் கழித்து என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டார், இந்த மனுஷன் சொன்னது நிஜம்.

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் போதாது. குழாயடிக்குப் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. புஷ்பம், வாடி, வந்து கேளடி. அண்ணன் உயிரோடு இருந்தால் இப்போதே போன் போட்டிருப்பேன். யமுனா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திரையை ஒதுக்கினேன். பார்த்தேன், அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவள் எப்போது சந்தேகப்பட்டாள்? எனக்குத்தான் சந்தேகம், அவளுக்கு அப்பா என்றால் மிலிட்டரி, மிலிட்டரி என்றால் அப்பா. சின்னவளாக இருந்தபோது மழை பெய்து கரண்ட் போன நாட்களில் மட்டும் கதை சொல்வார், கோவேறு கழுதை பனியில் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்றது, அதற்கு வெல்லம் கொடுத்து எழுப்பியது, துப்பாக்கிச் சண்டைக் கதை ஒன்றுகூடக் கிடையாது, கழுதையும் குளிரும் சப்பாத்தியும்தான். அவள் பள்ளிக்கூடத்தில் போய் அப்பா எல்லையைக் காத்தார் என்று மேடையில் பேசிப் பரிசு வாங்கி வந்தாள். அந்தப் பரிசைப் பார்த்துவிட்டு இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பொய் குத்துகிறது, குத்தட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் பொய்யே இல்லையே, அப்படியானால் ஏன் சாப்பிடவில்லை? இந்தச் சம்பந்தம்கூட அவள் வாயால் வந்ததுதான். மாப்பிள்ளை மோகன்ராஜும் அவளும் ஒரே பேங்கில் வேலை, எங்கப்பாவும் மிலிட்டரி, உங்கப்பாவும் மிலிட்டரி என்றுதான் பேச்சே ஆரம்பித்ததாம். நல்லது. எல்லாம் நல்லதுக்குத்தான். இரண்டாவது ஈடு பொன்னாக வந்தது. அப்படியானால் ஏன் சாப்பிடவில்லை.

இந்த மனசு இருக்கிறதே, நல்ல சேலையில் மாட்டிய ஆணி மாதிரி, ஒரு இடத்தில் பிடித்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். நிஜமாக இருந்தால் பெட்டி எங்கே? நிஜமாக இருந்தால் கேன்டீன் கார்டு ஏன் இல்லை? குடியரசு தினத்தன்று டிவியில் அணிவகுப்பு வந்தால் மற்ற வீட்டு மிலிட்டரிக்காரர்கள் சத்தம் வைத்துப் பார்க்கிறார்கள், இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். பொய்க்காரருக்குக் கூச்சம் என்று எண்ணினேன். மாடிவீட்டுப் பையனுக்குப் பாஸ்போர்ட் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீடு தெரியாமல் எங்கள் கதவைத் தட்டினார், வாசலில் காக்கியைப் பார்த்ததும் இவர் பின்பக்கம் போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டார், போலீஸ்காரர் போய் வெகுநேரம் ஆன பிறகும் தண்ணீர் விடும் சத்தமே இல்லை. தப்பு செய்யாதவருக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று அன்றைக்கு ஏசினேன். மாமனார் செத்ததற்கு என்னைக் கூட்டிப் போகவில்லை, தனியாகப் போனார், கொள்ளி வைத்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார், கருமாதிக்குக்கூடப் போகவில்லை, பங்காளிச் சண்டை என்றார். எந்தப் பங்காளி? ஒருநாள்கூட ஒரு பங்காளி பேர் சொன்னதில்லை. யமுனா காதுகுத்துக்கு வந்த அவர் அண்ணி ஒன்று சொன்னாளே, என்ன சொன்னாள், இட்லிக்கு ஆட்டிக்கொண்டு இருந்தோம், "எங்க அத்த சாவக் கெடந்தப்ப ராவோட ராவா வந்து நின்னாரு உன் ஊட்டுக்காரரு. அம்மா கையைப் புட்ச்சிக்கினு உக்காந்தவருதான். அப்புறம் போவவே இல்ல." தாய்மேல் அவ்வளவு பாசமா என்று நான் உருகிப் போனேன். அப்புறம் போகவே இல்லை. எங்கே போகவே இல்லை?

"சம்பந்தியம்மா, நீங்க ஒண்டியா அல்லாடறீங்களே" என்று செல்லம்மாள் உள்ளே வந்துவிட்டாள். வேண்டாம், போய் உட்காருங்க என்றால் கேட்கவில்லை, முறத்திலிருந்த வாழைக்காயை எடுத்து மாவில் தோய்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நல்ல பெண்பிள்ளை, பவுசு இல்லை. "ஒரு விசயம் சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? எங்களுக்கு மனசுல ஒரு சின்ன உறுத்தல் இருந்துச்சு. மிலிட்டரின்னு சொல்றாங்க, ஆனா கேன்டீன்ல பாத்ததில்ல, சங்கத்துல பேர் இல்லன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. நான்தான் பயந்தேன். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, அட போடி, ஊருக்கு நாலு பேரு மிலிட்டரின்னு பீத்திக்கிட்டுத் திரியறான், பொய் சொல்றவனோட சம்பந்தம் பண்ணிட்டுச் சிரிச்சுக்கலாம், பாதியில ஓடி வந்தவனை மட்டும் வாசப்படி ஏத்த மாட்டேன்னாரு." நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஓடி வர்றதுன்னா?" என்று கேட்டேன். "சொல்லாமக் கொள்ளாம வந்துர்றது. லீவுல வந்தவன் திரும்பப் போகாம இருந்துர்றது. இவரு சித்தப்பா மகன் ஒருத்தன் அப்படி வந்துட்டான். போலீசு தேடிக்கிட்டு வந்துச்சு. இவருக்கு ரெஜிமென்ட்ல தல காட்ட முடியல. அவன் செத்தப்பக்கூட நாங்க போகலன்னா பாத்துக்கங்க. எம் பையனும் அப்படித்தான், அப்பனை மாதிரியே, அந்த விசயத்துல மட்டும் கல்லு. இப்பத்தான் எனக்கு நிம்மதி. இவரு எவ்வளவு சந்தோசமாப் பேசறாரு கேட்டீங்களா?"

கேட்டேன், எல்லாம் கேட்டேன். போகவே இல்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் போகவே இல்லை. அதனால்தான் பெட்டி வரவில்லை, பெட்டி அங்கேயே இருக்கிறது, எந்தக் குளிரிலோ எந்தக் கொட்டகையிலோ இவர் பேர் எழுதிய பெட்டி. அதனால்தான் குடியாத்தம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால்தான் காக்கி கண்டால் தாழ்ப்பாள். ஐயோ, இது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா, தரகர் அளந்ததாகவே இருந்திருக்கக் கூடாதா! முப்பது வருஷமாக நிஜமாக இருக்க வேண்டும், நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வாயால் இப்போது எதை வேண்டுவது? எங்கள் தெருவில் சின்னராசு என்று ஒருவன் இருந்தான், நான் பாவாடை கட்டிய வயசு, அவன் அப்படி வந்தவன்தான் போலிருக்கிறது, எங்களுக்கு விவரம் தெரியாது, ஜீப் வந்ததும் வேடிக்கை பார்க்க ஓடினோம். அவன் தறிக்குழிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டிருந்தான், கையைப் பிடித்துத் தூக்கினார்கள், அவன் அம்மா ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பேரே ஓடுகாலி வீடு. பொம்பளைக்குச் சொல்கிற வார்த்தையை ஆம்பளைக்குச் சொன்னால் எப்படி இருக்கும்! தங்கச்சிகள் இரண்டு பேர் வெகுகாலம் கல்யாணம் ஆகாமல் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து இவரையும் பிடித்துக்கொண்டு போவார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது, யாரிடம் கேட்பது, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். இந்த மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஜெயிலில் மாத்திரை கொடுப்பார்களா? கோபம்கூட வருகிறது, அடி வயிற்றிலிருந்து வருகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாமே. குழாயடியில் என்னைச் சிரிக்க விட்டுவிட்டு, பொய்க்காரன் பெண்டாட்டி என்று நானே என்னை நினைக்க விட்டுவிட்டு, எதைக் கட்டிக் காத்தார்? சொல்லியிருந்தால் நான் என்ன, சுபேதாரா, வாசற்படி ஏற்ற மாட்டேன் என்று சொல்ல? ஆனால் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா? அண்ணனிடம் சொல்லியிருப்பேன். அண்ணன் ஊருக்கே சொல்லியிருப்பான். தெரிந்துதான் சொல்லவில்லை. பாவி மனுஷன், என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

"சம்பந்தியம்மா, பஜ்ஜி!" என்று செல்லம்மாள் என் தோளைத் தொட்டாள். எடுத்தேன். தட்டில் வைத்தேன். கேசரியைக் கிண்ணத்தில் போட்டேன், முந்திரி மேலே தெரிகிற மாதிரி, இந்தக் கைக்கு என்ன நிதானம் பாருங்கள், மனசு எரிகிறபோதும் முந்திரி மேலே தெரிய வேண்டும் அதற்கு. கூடத்தில் சுபேதார் குரல் இளகிப்போய்க் கேட்கிறது. நல்ல மனுஷர், அதுதான் பயமாக இருக்கிறது. "ஏன் சம்பந்தி, சங்கத்துல சேராம, கார்டு வாங்காம இப்படி இருந்துட்டீங்க? கொஞ்ச நாள் சர்வீஸ்னாலும் சர்வீஸ்தானே. எம் மச்சான் மகன் ரெக்கார்டு ஆபீஸ்லதான் இருக்கான். இப்பவே போன் போடறேன். எத்தனை வருசம் இருந்தீங்க, எப்ப டிஸ்சார்ஜ் ஆனீங்க, சொல்லுங்க." இவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, அத விடுங்க, அதெல்லாம் அவனே பாத்துக்குவான். உங்க மிலிட்டரி நம்பர் சொல்லுங்க, போதும்." குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது சுபேதார் சிரித்துக்கொண்டே, விளையாட்டுக்குத்தான், பழைய பழக்கத்தில், குரலை உயர்த்தி இந்தியில் ஏதோ ஒன்று அதட்டலாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. இவர் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். இரண்டு காலும் சேர்ந்தன. இவருக்குத் தன் செல்போன் நம்பர் தெரியாது, யாராவது கேட்டால் யமுனாவைக் கூப்பிடுவார், கேஸ் புக் பண்ண என்னைக் கூப்பிடுவார், அந்த மனுஷன் வாயிலிருந்து இந்தியில் ஒவ்வொரு எண்ணாக, வேறு யாரோ உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று எண் வந்துவிட்டது. சுபேதார் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் தட்டோடு கூடத்துக்குப் போனேன். போனேன் என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது. "அவருக்கு ஏதுங்க நம்பர்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்காவது எண் இவர் வாயிலேயே நின்றுவிட்டது. "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. இதுக்கு மேல மூடி வெச்சா பாவம். இவரு மிலிட்டரியில எல்லாம் இருந்ததே இல்லீங்க. கல்யாணத்துக்குத் தரகர் சொன்ன பொய். கம்பெனியில கூட வேலை பாத்த ஒருத்தர் மிலிட்டரிக்காரர், அவரு சொன்ன கதையெல்லாம் கேட்டு மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டு, நம்பர் மொதக்கொண்டு அந்த ஆளோட நம்பர்தான், இப்படித்தானுங்க வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம்… எனக்கு வெக்கமா இருக்குதுங்க." எங்கிருந்து வந்தது இத்தனை பொய்? முன்கூட்டி யோசித்ததே இல்லை. தட்டை மேசையில் வைத்தேன். நான் இவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று தெரியும், கேசரிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் இவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது, கன்னத்தில் சூடு படுகிற மாதிரித் தெரிந்தது.

யமுனாதான் முதலில் பேசினாள். "அம்மா, என்ன உளர்றீங்க? அப்பா, சொல்லுங்கப்பா." அந்தச் சொல்லுங்கப்பாவை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மேடையில் பேசிய பிள்ளையின் குரல் அது. ஒரு வார்த்தை இல்லை என்று சொன்னால் போதும், பொண்டாட்டிக்குப் பைத்தியம் என்று சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். இவர் அவள் பக்கம் திரும்பினார். "ஆமா கண்ணு. அம்மா சொல்றதுதான். அப்பா பொய்தான் சொல்லிக்கினு இருந்தேன்." அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, தெரியாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி ஒரு மரியாதை வந்தது, அது கோபத்தைவிடக் கொடுமை. எழுந்து உள் அறைக்குப் போய்விட்டாள். செல்லம்மாள் புருஷனைப் பார்த்தாள். சுபேதார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவரை ஏற இறங்கப் பார்த்தார், அவசரமே இல்லாமல், காலில் ஆரம்பித்து, ஒட்டி நின்ற கைகளைப் பார்த்து, முகத்துக்கு வந்து அங்கேயே வெகுநேரம் நின்றார். இருபத்தெட்டு வருஷம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்த்த கண். அதற்குத் தெரியாதா? தெரிந்துவிட்டது, எழுந்திருக்கப் போகிறார், வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கப் போகிறது என்று நான் வாசலைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "பொய்தானா தங்கச்சி?" என்றார். "பொய்தானுங்கண்ணா" என்றேன். "சரி. பொய்யாவே இருக்கட்டும்" என்றார். பிறகு செல்லம்மாளிடம், "ஆவணியில வளர்பிறையில எது வருதுன்னு பாரு. இனிமே எங்க வீட்டுல யாரும் இவருகிட்ட மிலிட்டரிக் கதை கேக்கக் கூடாது. பையன்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது மன்னிப்பா, அருவருப்பா, இன்னும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டிகாஷன் இறங்கியிருக்குமே என்று அடுப்படிக்கு வந்தேன். பாலை ஏற்றினேன். எதுவும் நடக்காத மாதிரிப் பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, இவர்தான், தண்ணீர் குடிக்க வந்தவர் போலப் பானைப் பக்கம் போனார், டம்ளரை எடுத்தார், மொள்ளவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயசு மனுஷன், உதடு துடிக்கிறது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பையன் மாதிரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாளும் அவர் முகம் இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு திறந்து நான் பார்த்ததில்லை. "மூணு தடவ லீவு கேட்டேன், சௌந்தரம்" என்றார். "அம்மாவுக்கு முடியலன்னு தந்தி வந்தது. மூணு தடவ போயி நின்னேன். குடுக்கல." சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று, இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டு இருந்ததெல்லாம் சேர்ந்து வருகிறது, அழ விட வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல விட்டு மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் யமுனாவின் அறை. நான் அவர் வாயைப் பொத்தினேன். "மெதுவாப் பேசுங்க" என்றேன். "புள்ள காதுல விழுந்துரும்."